ஈடன் பார்க்கில் யார் அதிகம் பயப்பட வேண்டும்? நியூசிலாந்து – தென்னாப்பிரிக்கா, 6 செப்டம்பர் 2025

மேற்குத்திடல் (ஆக்லாந்து) – செவ்வாய் இரவு

சனிக்கிழமை இரவு 7.05க்கு இங்கே ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் ரக்பி ஆட்டம். டிக்கெட் கையில் இருக்கிறது, தூக்கம்தான் இல்லை.

1994 ஜூலை 3 அன்று பிரான்சிடம் 23–20 என்று தோற்ற பிறகு ஈடன் பார்க்கில் நம் நியூசிலாந்து அணியான ஆல் பிளாக்ஸ் யாரிடமும் தோற்கவில்லை. 50 டெஸ்ட் (நாடுகளுக்கிடையிலான) ஆட்டங்கள். இந்த எண்ணை வானொலியிலும் அலுவலகத்திலும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். எல்லோரும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கோ அது கடன் சீட்டு மாதிரித் தெரிகிறது. என்றாவது ஒருநாள் யாராவது வந்து வசூலித்துவிட்டுப் போவார்கள்.

தென்னாப்பிரிக்கா இங்கே கடைசியாக ஆடியது 2013இல். ராஸி எராஸ்மஸ் பயிற்சியாளரான பிறகு அவர்களுடைய அணி இந்த மைதானத்தில் கால் வைத்ததே இல்லை. ஆக, 50 என்ற எண்ணுக்குள் இன்றைய ஸ்பிரிங்பாக்ஸ் இல்லை. அதற்கு வெளியே பார்த்தால் நாம் தொடர்ந்து நான்கு முறை அவர்களிடம் தோற்றிருக்கிறோம்: லண்டன் ட்விக்கனத்தில் 35–7, 2023 உலகக் கோப்பையின் பாரிஸ் இறுதிப்போட்டியில் 12–11, சென்ற ஆண்டு ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் 31–27, கேப் டவுனில் 18–12. போதாக்குறைக்குப் பத்து நாள் முன்பு அர்ஜென்டினா மண்ணில் முதல் முறையாகத் தோற்றுவிட்டு வந்திருக்கிறோம்.

நேர்மையாகச் சொல்லுங்கள். இந்த வாரம் பயப்பட வேண்டியவர்கள் யார்?

---

பச்சைச்சட்டை (ஜோகன்னஸ்பர்க்)

நாங்கள்தான். இதில் என்ன சந்தேகம்?

அண்ணா, நீங்கள் அர்ஜென்டினாவிடம் 29–23 என்று தோற்றதைச் சொல்கிறீர்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு எல்லிஸ் பார்க்கில் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 22–0 என்று முன்னிலை. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து பியர் வாங்கப் போனார். ஆட்டம் முடிந்தபோது 38–22, ஆஸ்திரேலியாவுக்கு. அந்த மைதானத்தில் அவர்கள் 1963க்குப் பிறகு வென்றதே இல்லை. கேப் டவுனில் 30–22 என்று திருப்பிக் கொடுத்தோம், உண்மைதான். ஆனால் அந்த நாற்பது நிமிடத்தைப் பார்த்தவனுக்கு எந்த முன்னிலையும் இனி முன்னிலை அல்ல.

ஈடன் பார்க்கில் எங்கள் கடைசி வெற்றி 1937. என் தாத்தா அப்போது பிறந்திருந்தாரா என்று வீட்டில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

---

முன்வரிசை முத்து (வெலிங்டன்)

1937 பற்றிப் பேச்சு வந்துவிட்டது, இனி என்னை யாரும் நிறுத்த முடியாது.

அந்தத் தொடர் 1–1 என்று நின்றது. மூன்றாவது டெஸ்ட் ஈடன் பார்க்கில், செப்டம்பர் 25. 1906இல் தென்னாப்பிரிக்க அணிக்குத் தலைமை தாங்கிய பால் ரூஸ் ஊரிலிருந்து ஒரு தந்தி அனுப்பினார். அதில் இருந்த செய்தி ஒரே சொல், மூன்று தடவை: ஸ்க்ரம், ஸ்க்ரம், ஸ்க்ரம். அதாவது இரு அணி முன்களத்தாரும் தோள் கோத்து ஒருவரையொருவர் தள்ளும் மோதல். அன்றைய விதிப்படி பந்து கோட்டுக்கு வெளியே போனால் லைன்அவுட்டுக்கு (கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எறிந்து தொடங்குவது) பதிலாக ஸ்க்ரம் கேட்கலாம். தலைவர் பிலிப் நெல் கேட்டுக்கொண்டே இருந்தார். எட்டுப் பேர் எட்டுப் பேரைத் தள்ளித் தள்ளி மூச்சு முட்ட வைத்தார்கள். முடிவில் 17–6. தென்னாப்பிரிக்காவுக்கு ஐந்து ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது), நியூசிலாந்துக்கு ஒன்றுமில்லை. இந்த மண்ணில் அவர்கள் வென்ற ஒரே தொடர் இன்றுவரை அதுதான்.

எதற்கு இந்தப் பழங்கதை என்று கேட்பீர்கள். இந்த ஜூலையில் இத்தாலிக்கு எதிராக என்ன செய்தார்கள் பார்த்தீர்களா? ஆட்டத்தின் முதல் உதையையே பத்து மீட்டர் போகாதபடி வேண்டுமென்றே குறுக்கி உதைத்தார்கள். விதிமீறல், எதிரணிக்கு ஸ்க்ரம். அவர்களுக்கு வேண்டியதும் அந்த ஸ்க்ரம்தான், பந்து யாரிடம் இருந்தால் என்ன? தந்தி அனுப்பி 88 வருடம் ஆகிறது, இன்னும் அதற்குத்தான் கீழ்ப்படிகிறார்கள்.

நான் இருபது வயதிலிருந்து முன்வரிசையில் ஆடியவன், இப்போது கழுத்து திரும்பாது. எனவே என் ஓட்டு எங்கே என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய முன்வரிசை வீரர் ஆக்ஸ் இன்ச்சே தலையைக் குனிந்தால் எனக்கு இங்கே வலிக்கிறது.

---

யாழினி (மெல்பர்ன்)

முத்து அண்ணா, ஸ்க்ரம் புராணம் அருமை. ஆனால் மேற்குத்திடலின் கேள்விக்குப் பதில் வரவில்லை.

“ஈடன் பார்க் மந்திரம்” என்று சொன்னாலே எனக்கு எரிச்சல் வரும். நல்ல அணி தன் வீட்டில் வெல்கிறது, இதில் என்ன மந்திரம் என்று பல வருடம் வாதாடியிருக்கிறேன். ஆனால் இரண்டு நிகழ்வுகள் என் வாதத்தை உதைக்கின்றன. 2022இல் அயர்லாந்து இங்கே 42–19 என்று நொறுங்கியது. அடுத்த இரண்டு வாரத்தில் அதே அயர்லாந்து டனீடனிலும் வெலிங்டனிலும் வென்று தொடரையே எடுத்துக்கொண்டு போனது. சென்ற ஆண்டு இதன் மறுபுறம்: அர்ஜென்டினா வெலிங்டனில் 38–30 என்று வென்றது, அடுத்த வாரம் ஈடன் பார்க்கில் 42–10 என்று உதை வாங்கியது. ஏறத்தாழ அதே வீரர்கள், ஒரே வார இடைவெளி.

மைதானத்துக்குள் என்னதான் நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மந்திரம் என்ற சொல்லை மட்டும் ஏற்க மாட்டேன்.

பச்சைச்சட்டைக்கு ஆறுதலாக: 50இல் எல்லாமே வெற்றி அல்ல. இரண்டு சமன். ஒன்று 2017இல் லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து கூட்டணி), 15–15. இன்னொன்று 1994இல், அந்தப் பிரான்ஸ் தோல்விக்கு அடுத்த மாதமே, 18–18. எதிரணி யார் தெரியுமா? உங்கள் ஆட்கள்தான்.

---

பச்சைச்சட்டை

அக்கா, சமனுக்கு மகிழ்கிற நிலைக்கு எங்களைக் கொண்டுவந்துவிட்டீர்களே.

---

மலையக மைந்தன் (கண்டி)

எங்களுக்குப் பகல் 12.35. சாப்பாட்டு நேரம். வீட்டில் றக்பி என்றால் அரிசி வேகாது.

நான் இரண்டு பக்கமும் இல்லை, அதனால் நிம்மதியாகப் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் எங்கள் ஊரில் பள்ளிகளுக்கான பிராட்பி கேடயப் போட்டி வந்தால் திரினிட்டி, றோயல் என்று வீடே பிளந்துவிடும். நடுநிலை என்ற ஒன்றை இந்த விளையாட்டு அனுமதிப்பதில்லை. தம்பி கறுப்பு, மைத்துனர் பச்சை. நான் நடுவர் பக்கம் என்று சொல்லிப் பார்த்தேன், இருவருமே என்னைத் துரோகி என்கிறார்கள்.

---

புதியவன்_கோவை

வணக்கம். 2023 இறுதிப்போட்டியைத் தற்செயலாகப் பார்த்ததிலிருந்து இந்த ஆட்டத்தில் ஆர்வம். சில சந்தேகங்கள், சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

1. இது உலகக் கோப்பையும் அல்ல. பிறகு ஏன் எல்லோருக்கும் காய்ச்சல்?
2. “பாம் ஸ்குவாட்” என்றால் என்ன?
3. சுதந்திரக் கோப்பை என்று ஒன்று இருக்கிறதாமே?
4. இலவசமாகப் பார்க்க ஏதாவது இணைப்பு கிடைக்குமா?

---

நெறியாளர்

நான்காவது கேள்விக்கு இங்கே பதில் இல்லை. யாரும் இணைப்பு பகிர வேண்டாம். பகிர்ந்தால் பதிவு நீக்கப்படும்.

---

யாழினி

மூன்றாவது எளிது. தென்னாப்பிரிக்காவில் மக்களாட்சி மலர்ந்து பத்தாண்டு ஆனதை ஒட்டி 2004இல் தொடங்கிய கோப்பை, இந்த இரு அணிகளுக்கு மட்டும். 2009க்குப் பிறகு சென்ற ஆண்டுதான் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பியது. இந்த முறை ஆக்லாந்து, அடுத்த வாரம் வெலிங்டன். ஆளுக்கொன்று வென்றால் கோப்பை இருக்கும் இடத்திலேயே இருக்கும்.

---

பச்சைச்சட்டை

இரண்டாவது என்னுடையது.

தொடங்குபவர்கள் 15 பேர், மாற்று வீரர்கள் 8 பேர். வழக்கமாக அந்த எட்டில் ஐந்து பேர் முன்களத்தார் (ஸ்க்ரமில் தள்ளுபவர்கள்), மூன்று பேர் பின்களத்தார் (பந்தோடு ஓடுபவர்கள்). ராஸி இதை முதலில் ஆறு–இரண்டு ஆக்கினார், 2019 உலகக் கோப்பையை எடுத்தார். பிறகு ட்விக்கனத்தில் ஏழு–ஒன்று. ஐம்பதாவது நிமிடம் வாக்கில் எதிரணி முன்களம் நாக்குத் தள்ளி நிற்கும்போது ஒரு புதிய முன்களமே உள்ளே நுழைகிறது. அதுதான் பாம் ஸ்குவாட். ஊரெல்லாம் “இது நியாயமா” என்று கேட்டது. விதியில் இடமிருக்கிறது, நாங்கள் பயன்படுத்துகிறோம்.

பின்களத்தில் இரண்டு பேர் காயம்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விதான் எனக்கும் வயிற்றைக் கலக்கும்.

---

மேற்குத்திடல்

முதல் கேள்விக்கு நான்.

தம்பி, 1921இல் டனீடனில் முதல் டெஸ்ட். அன்றிலிருந்து இன்றுவரை 108 ஆட்டங்கள்: நியூசிலாந்து 62, தென்னாப்பிரிக்கா 42, சமன் 4. உலகில் மற்ற எல்லா அணிகளையும் நாங்கள் சராசரியாக இதைவிட அதிகம் தோற்கடித்திருக்கிறோம். எங்களுக்குக் கண்ணாடி காட்டுகிற எதிரணி இது ஒன்றுதான். உலகக் கோப்பை அவர்களிடம் நான்கு, எங்களிடம் மூன்று. 2023 வரை இருவரிடமும் மூன்று மூன்று இருந்தது. நீங்கள் தற்செயலாகப் பார்த்தீர்களே, அந்த இரவில்தான் அது மாறியது.

அந்த இரவை நான் இன்னும் மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை. எங்கள் தலைவர் சாம் கேன் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார், ஆடவர் இறுதிப்போட்டியில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. மீதி நேரமெல்லாம் 14 பேர். ஆரன் ஸ்மித்தின் ட்ரை பறிபோனது. போடன் பாரெட் ஒன்று போட்டார், ட்ரைக்குப் பின் மோவுங்கா உதைத்த கன்வர்ஷன் தப்பியது. ஜோர்டி பாரெட்டின் தொலைதூரப் பெனால்டியும் தப்பியது. பீட்டர்-ஸ்டெஃப் டு டாய்ட் என்ற மனிதர் மட்டும் 28 தடவை எங்கள் ஆட்களை மடக்கி வீழ்த்தினார். 12–11. காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் ஒவ்வொரு புள்ளி வித்தியாசத்தில் வென்ற அணியை என்னவென்று சொல்வது? அதிர்ஷ்டம் என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு எல்லிஸ் பார்க்கில் 27–17 என்று முன்னால் இருந்து கடைசிக் கால் மணி நேரத்தில் கோட்டை விட்டோமே, அதற்குப் பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

---

சாட்ஸ்வர்த் ஆசிரியர் (டர்பன்)

முதல் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டர்பனில் பிறந்தவன். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் நான்காம் தலைமுறை. தமிழ் என் தந்தையார் மாலை வகுப்பில் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தபோது கூடவே உட்கார்ந்து கற்றது. இங்கே எழுதுகிறவர்கள் பலரும் தென்னாப்பிரிக்கா என்றால் பச்சைச் சட்டை என்று எடுத்துக்கொள்கிறீர்கள். என் வயதுக்காரர்களுக்கு அப்படி இல்லை. எங்கள் வீட்டில் ஆல் பிளாக்ஸ்தான் “நம் அணி”.

காரணம் சொல்லத் தேவையில்லை. ஸ்பிரிங்பாக் சட்டையை எங்களில் ஒருவரும் அணிய முடியாத காலம். மைதானத்தில் எங்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மூலை, அங்கே நின்று பார்க்கலாம். நின்றவர்கள் எல்லோரும் வந்த அணிக்குத்தான் குரல் கொடுத்தார்கள். எதிரே வந்தது யாராக இருந்தாலும் சரி. ஆனால் ஆல் பிளாக்ஸ் என்றால் கூடுதல் உற்சாகம். அவர்கள் அணியில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் இருந்தார்கள், 1970இல் பிரையன் வில்லியம்ஸ் வந்தார். வெள்ளையர் அல்லாத ஒருவர் ஸ்பிரிங்பாக்ஸின் ஊடே புகுந்து ஓடுவதைப் பார்ப்பது எங்கள் பெரியவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும்! அவரை உள்ளே விடுவதற்கு அரசு “கௌரவ வெள்ளையர்” என்று ஒரு தகுதியைக் கொடுத்தது. எங்கள் தெருவில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

1976இல் முதல் டெஸ்ட் இங்கேதான், கிங்ஸ் பார்க்கில், ஜூலை 24. நான் சிறுவன். அந்த ஆட்டத்துக்குப் போவதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய சண்டை. சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகளைச் சுட்டு அப்போது ஆறு வாரம்கூட ஆகவில்லை. நியூசிலாந்து இந்த நேரத்தில் இங்கே வந்து ஆடுகிறதே என்று இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸைப் புறக்கணித்து வெளியேறியிருந்தன. “அவன் வந்ததே தப்பு, அவனுக்குப் போய்க் கைதட்டுவாயா?” என்று என் சித்தப்பா கேட்டார். அவர் நிறவெறி விளையாட்டை எதிர்த்த சாகோஸ் அமைப்பின் பக்கம். ஒதுக்கிய மூலையில் நிற்பதே அந்த மூலையை ஒப்புக்கொள்வதுதான் என்பது அவர் கட்சி. “அவர்கள் இவர்களைத் தோற்கடிப்பதைப் பார்க்க எனக்கு வேறு என்ன வழி?” என்று என் அப்பா கேட்டார். இருவர் சொன்னதும் சரி. அப்பா போனார். தென்னாப்பிரிக்கா 16–7 என்று வென்றது. திரும்பி வந்த அப்பாவிடம் சித்தப்பா ஸ்கோர் கேட்கவே இல்லை.

இப்போது என் மகன் பச்சைச் சட்டை அணிகிறான். கறுப்பினத்தவரான கோலிசி தலைவராகக் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்து வளர்ந்தவனிடம் நான் என்ன வாதாட முடியும்? வாதாடவும் இல்லை. 2019இல் இங்கிலாந்துக்கு எதிராக நானும் அவனோடு சேர்ந்து கத்தினேன். ஆனால் எதிரே கறுப்புச் சட்டை வந்தால் மட்டும் என் வாய் அடைத்துக்கொள்கிறது. சனிக்கிழமை காலை 9.05க்கு நாங்கள் இருவரும் ஒரே சோபாவில் உட்காருவோம். எனக்கு இரண்டு பக்கத்துப் பயமும் உண்டு, யாரும் பொறாமைப்பட வேண்டாம்.

---

பச்சைச்சட்டை

ஐயா, நான் சென்னையிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவன். சட்டையைக் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். நீங்கள் எழுதியதை அலுவலகத்தில் ஒரு கேப் டவுன் நண்பரிடம் சொன்னேன். அவருடைய மாமாக்கள் இன்றும் கறுப்புச் சட்டைதானாம். குடும்பத்தில் யாரும் அவர்களைத் திருத்த முயல்வதில்லையாம்.

---

மேற்குத்திடல்

ஐயா, இந்தப் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் சேர்த்துவிடுகிறேன்.

1981இல் ஸ்பிரிங்பாக்ஸ் இங்கே வந்தபோது நாடே இரண்டாகப் பிளந்தது. ஹாமில்டனில் எதிர்ப்பாளர்கள் மைதானத்துக்குள் புகுந்து நின்றதால் ஓர் ஆட்டமே ரத்தானது. கடைசி டெஸ்ட் ஈடன் பார்க்கில், செப்டம்பர் 12. வெளியே முள்கம்பி, போலீஸ். மேலே ஒரு சிறு விமானம் தாழப் பறந்து பறந்து மாவுப் பொட்டலங்களை எறிந்துகொண்டே இருந்தது. ஒரு பொட்டலம் ஆல் பிளாக்ஸ் முன்வரிசை வீரர் கேரி நைட் மேல் விழுந்து அவர் சாய்ந்தார். ஆட்டத்தை நிறுத்தவில்லை! ரே மோர்ட் மூன்று ட்ரை போட்டார், ஆலன் ஹூசனின் கடைசி நேரப் பெனால்டியில் 25–22 என்று நியூசிலாந்து வென்றது. தொடரும் கிடைத்தது.

என் பக்கத்து வீட்டு மூதாட்டி அன்று வெளியே முழக்கமிட்டவர். அவருடைய கணவர் உள்ளே டிக்கெட்டோடு இருந்தவர். இன்றும் செப்டம்பர் வந்தால் அந்த வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

---

முன்வரிசை முத்து

வரலாறு போதும், சனிக்கிழமைக்கு வாருங்கள். என் கணக்கு இது.

ஆட்டத்தைத் தீர்மானிக்கப்போவது ஸ்க்ரம் அல்ல. (ஆம், நான்தான் சொல்கிறேன்.) வானத்தில் எழும் பந்து. உயர உதைத்த பந்தைப் பிடிக்கப் போகிறவருக்கு முன்னால் அவருடைய கூட்டாளிகள் வேலி கட்டி நடப்பார்களே, சென்ற நவம்பரிலிருந்து நடுவர்கள் அதைக் கண்டிப்பாகத் தடுக்கிறார்கள். துரத்தி வருபவருக்கு வழி திறந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு உயர உதையும் இப்போது பாதிக்குப் பாதிப் பந்தயம். புவெனஸ் அயர்ஸில் நம் ஆட்கள் அதில்தான் தடுமாறினார்கள், கூடவே மஞ்சள் அட்டைகள். ராஸி அந்த ஒளிப்பதிவைப் பார்க்காமலா இருந்திருப்பார்? அவர்களுடைய செஸ்லின் கோல்பேயைவிட ஒரு தலை உயரமானவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள், ஆனால் எகிறும் நேரம் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.

இன்னொரு வயிற்றெரிச்சல்: அவர்களுடைய தாக்குதல் பயிற்சியாளர் டோனி பிரவுன். நம் முன்னாள் ஆல் பிளாக்! நம் கேம் ரொய்கார்ட் காயத்தில் இருக்கும் நேரத்தில், வீட்டுப் பூட்டு எங்கே பழுது என்று தெரிந்தவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

---

யாழினி

ஆனால் அன்று ஆல் பிளாக்ஸின் ஆர்டி சவேயாவுக்கு நூறாவது டெஸ்ட். இதை யாரும் சொல்லவில்லையே. அந்த மனிதர் பந்தை எடுத்தால் மூன்று பேர் தொங்கினாலும் இரண்டு மீட்டர் போவார். சொந்த மைதானத்தில், நூறாவது ஆட்டத்தில்? நான் பச்சை அணியாக இருந்தால் முதல் இருபது நிமிடத்துக்குத்தான் பயப்படுவேன். கடைசி இருபதுக்குக் கறுப்பு பயப்படட்டும். ஸ்காட் ராபர்ட்சன் பயிற்சியாளராக வந்த பிறகு ஆல் பிளாக்ஸ் மாற்று வீரர்கள் இறங்கியதும் ஆட்டம் கனமாவதற்குப் பதில் இளைத்துப்போவதை எத்தனை தடவை பார்த்துவிட்டோம்.

---

பச்சைச்சட்டை

நடுவர் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2013இல் இதே மைதானத்தில் எங்கள் பிஸ்மார்க் டு பிளெஸ்ஸி உங்கள் டான் கார்ட்டரைச் சுத்தமாக மடக்கினார். அதற்கு மஞ்சள் அட்டை! அந்த அட்டை தவறு என்று சர்வதேச அமைப்பே பின்னர் ஒப்புக்கொண்டது. பிறகு இரண்டாவது மஞ்சள், ஆக சிவப்பு, 29–15. எங்களிடமிருந்து அந்த ஆட்டத்தைத் திருடினார்கள். உங்கள் 50இல் 49தான் உண்மையானது.

---

மேற்குத்திடல்

இரண்டாவது மஞ்சள் லியம் மெஸ்ஸமின் மேல் முழங்கையை வைத்ததற்கு. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோமே? அதுவும் தவறா?

---

பச்சைச்சட்டை

முதலாவது இல்லையென்றால் இரண்டாவது பத்து நிமிடத்தோடு போயிருக்கும். கணக்கு தெரியாதா?

---

மேற்குத்திடல்

அப்படியென்றால் 2023இல் நாங்கள் 14 பேரோடு ஆடியதற்கும் ஒரு கணக்குப் போடுங்கள். நான்கு கோப்பை மூன்றாகிவிடும்.

---

முன்வரிசை முத்து

1995 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுடன் ஆடிய இறுதிப்போட்டிக்கு முன் ஆல் பிளாக்ஸுக்கு வயிறு கெட்டுப்போன கதையையும் யாராவது எடுங்கள். குறை ஏன்?

---

நெறியாளர்

யாரும் எடுக்க வேண்டாம். அந்தக் கதைக்குத் தனி இழை இருக்கிறது, அதைப் பூட்டி வைத்திருக்கிறோம். நடுவர்களைத் திருடர் என்ற பொருளில் எழுதும் அடுத்த பதிவு நீக்கப்படும்.

---

சாட்ஸ்வர்த் ஆசிரியர்

வயிற்றுக் கதையை விடுங்கள். 1995இல் என் நினைவில் நிற்பது வேறு. மண்டேலா 6ஆம் எண் பச்சைச் சட்டையில் எல்லிஸ் பார்க்குக்குள் வந்தபோது என் அப்பா எழுந்து நின்றார். ஆட்டம் தொடங்கியதும் உட்கார்ந்து, “சரி, இனி லோமு பார்த்துக்கொள்வான்” என்றார். ஆல் பிளாக்ஸின் அந்தப் பெரிய ஓட்டக்காரர் லோமுவை ஸ்பிரிங்பாக்ஸ் ஒரு ட்ரைகூடப் போட விடவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஸ்ட்ரான்ஸ்கி உதைத்த வெற்றி டிராப் கோல் கூடுதல் நேரத்தில் விழுந்ததும் அப்பா, “மண்டேலாவுக்காக விட்டுக்கொடுத்தேன்” என்றார். அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரே விட்டுக்கொடுத்துக்கொண்டார்.

---

புதியவன்_கோவை

ஆட்டத்துக்கு முன் ஆல் பிளாக்ஸ் ஆடும் மாவோரி நடனமான ஹாக்காவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. நான் அதற்காகவே பார்க்க ஆரம்பித்தவன்.

---

மலையக மைந்தன்

சென்ற ஆண்டு எல்லிஸ் பார்க்கில் ஹாக்கா ஆடும்போதே விமானம் பறந்தது, ஒலிபெருக்கியில் பாட்டு. தென்னாப்பிரிக்க றக்பி சங்கம் மன்னிப்புக் கேட்டது. ஆக்லாந்துக்காரர்கள் இந்த முறை பதிலுக்கு என்ன செய்வார்களோ என்று பார்க்கத்தான் எனக்கு ஆவல். “காப்பா ஓ பாங்கோ” என்ற புதிய ஹாக்காவை 2005இல் முதன்முதலாக ஆடிக்காட்டியதே இந்த எதிரணிக்குத்தான், டனீடனில்.

---

மேற்குத்திடல் – வெள்ளி இரவு

நாளைக்கு இந்த நேரம் முடிந்திருக்கும். அலுவலகத்தில் எட்டுத் தென்னாப்பிரிக்கர்கள், எட்டுப் பேரும் இன்று பச்சையில் வந்தார்கள். மிகவும் பணிவாகப் பேசுகிறார்கள். அந்தப் பணிவுதான் என்னைக் கொல்கிறது. “நாங்கள் இங்கே வென்று 88 வருடம் ஆகிறது, எங்களுக்கு என்ன எதிர்பார்ப்பு இருக்கப் போகிறது” என்கிறார்கள். இழக்க ஒன்றுமில்லாதவன் பேச்சு.

யாழினி, நீங்கள் மந்திரத்தை ஏற்க வேண்டாம். ஆனால் 51ஆவது ஆட்டத்தில் அது முறிந்தால் அந்த மாலையில் அங்கே இருந்தவன் என்று வாழ்நாள் முழுக்க என்னைக் கைகாட்டுவார்கள். அதற்காகத்தான் டிக்கெட்டை விற்றுவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் டிக்கெட்டை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

---

யாழினி

அண்ணி சரியாகத்தான் செய்திருக்கிறார். முடிவைக் கணிப்பவர்கள் ஆட்டம் தொடங்கும் முன் இங்கே பதிந்துவிடுங்கள். என்னுடையது: நியூசிலாந்து 24, தென்னாப்பிரிக்கா 20. அடுத்த வாரம் வெலிங்டனில் தலைகீழ்.

---

முன்வரிசை முத்து

தென்னாப்பிரிக்கா 22–19. நான் கறுப்புச் சட்டைக்காரன், ஆனாலும் என் கழுத்து பொய் சொல்லாது.

---

மலையக மைந்தன்

சமன். வீட்டில் அமைதி வேண்டும்.

---

சாட்ஸ்வர்த் ஆசிரியர்

மகன் 30–15 என்று எழுதச் சொல்கிறான், பச்சைக்கு. எழுதிவிட்டேன். என்னுடையதை அவன் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

---

பச்சைச்சட்டை – சனி காலை, ஜோகன்னஸ்பர்க்

21–20. எந்த அணிக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.